சாட்ஸ்வொர்த் வெயிலில் ஒரு குட்டி கிரெஸ்டட் கெக்கோ

கேள்வி சுருக்கமாக இதுதான். தென்னாப்பிரிக்காவில், டர்பன் பக்கம் சாட்ஸ்வொர்த்தில் இருக்கும் ஒரு அக்கா, தன் பன்னிரண்டு வயது மகனுக்குப் பிறந்தநாள் பரிசாக கிரெஸ்டட் கெக்கோ என்ற பல்லி வகையில் ஒரு குட்டி வாங்கிக் கொடுத்திருக்கிறார். எடை 3 கிராம். கடையில் அதோடு 45-க்கு 45-க்கு 60 சென்டிமீட்டர் கண்ணாடி டேங்க், சிவப்புச் சூட்டு பல்பு, கால்சியம் மணல் ஒரு பை, பவுடர் உணவு என்று எல்லாவற்றையும் கட்டிக் கொடுத்திருக்கிறார்கள். நாலு நாளாக அது சாப்பிட்டதாகவே தெரியவில்லையாம். பகலெல்லாம் ஒரே மூலையில் கிடக்கிறதாம். வீட்டில் இருக்கும் ஆயா (பாட்டி), "காசு கொடுத்துப் பல்லி வாங்குவாங்களா?" என்று முகம் சுளிக்கிறார். ஜோஹன்னஸ்பர்க் பக்கம் லெனேசியாவில் இருக்கும் தங்கையோ தன் பிள்ளைகளுக்கு ஜோடியாக வாங்கலாமா என்று கேட்கிறார்.

அக்கா, முதல் வேலையாக அந்தப் பல்பை அணைத்துவிடுங்கள். மற்றதை நிதானமாகப் பேசலாம்.

பல்லி, ஓணான் என்றாலே சூடு வேண்டும் என்று பலரும் நினைக்கிறார்கள். பாலைவனத்திலிருந்து வந்த சில வகைகளுக்கு அது சரி. உங்கள் மகனிடம் இருப்பது பாலைவனத்துப் பிராணி இல்லை. பசிபிக் கடலில், ஆஸ்திரேலியாவுக்குக் கிழக்கே உள்ள நியூ கலிடோனியாவின் தெற்குப் பகுதிக் காடுகளும் பக்கத்துச் சிறு தீவுகளும்தான் அதன் சொந்த ஊர். 1866-இல் ஒரு பிரெஞ்சு விலங்கியலாளர் இதைப் பற்றி எழுதினார். அப்புறம் வெகுகாலம் யார் கண்ணிலும் சரியாகப் படாததால் அழிந்தே போய்விட்டது என்று நினைத்திருந்தார்கள். 1994-இல்தான் மறுபடி கண்டுபிடித்தார்கள். அப்போது வெளியே கொண்டுவந்த சிலவற்றின் வம்சம்தான் இன்று உலகம் முழுக்க வீடுகளில் வளர்கிறது. இப்போது அங்கிருந்து ஏற்றுமதிக்குத் தடை இருக்கிறது.

அந்த ஊர் நமக்குப் பல விதத்தில் தோது. பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருப்பதால் நமக்கு டிசம்பர், ஜனவரியில் வெயில் என்றால் அங்கும் வெயில், ஜூன், ஜூலையில் குளிர் என்றால் அங்கும் குளிர். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருப்பவர்கள் "டிசம்பரில் ஹீட்டர் போடு" என்று எழுதியதைப் படித்துவிட்டு டர்பனில் டிசம்பரில் பல்பு போடுகிறவர்களை நான் பார்த்திருக்கிறேன். மாதக் கணக்கை அங்கேயே விட்டுவிட்டு, டிகிரிக் கணக்கை மட்டும் எடுத்துக்கொள்ளுங்கள்.

அந்த டிகிரிக் கணக்கு ரொம்ப எளிது. பகலில் 22 முதல் 26 வரை இருந்தால் நிம்மதியாக இருக்கும். இரவில் 18, 20-க்கு இறங்கினாலும் ஒன்றும் ஆகாது, இறங்குவது நல்லதும்கூட. 28-ஐத் தாண்டினால் திணற ஆரம்பிக்கும். 30-க்கு மேல் தொடர்ந்து போனால் உயிருக்கே ஆபத்து. அதுவும் 3 கிராம் குட்டி! உடம்பில் சேர்த்து வைத்த தண்ணீரே சில சொட்டுதான், அது வற்றிப்போக அதிக நேரம் ஆகாது. டேங்கின் மேல் பல்பு வைத்திருந்தீர்கள் என்றால், மேல் கிளையில் 35 டிகிரிகூட இருந்திருக்கலாம். பகலெல்லாம் மூலையில் கிடந்ததற்கு அதுவும் ஒரு காரணமாக இருக்கலாம். இது இரவுப் பிராணி, பகலில் தூங்கத்தான் செய்யும். ஆனால் மேலே ஒட்டிக்கொண்டு தூங்க வேண்டியது கீழே தரையில் போய்க் கிடந்தால், குளிர்ச்சியைத் தேடுகிறது என்று அர்த்தம். வாயைத் திறந்து வைத்துக்கொண்டிருந்தால் நிலைமை இன்னும் மோசம்.

ஆகவே டர்பன் பக்கம் இருக்கிறவர்களுக்கு நான் சொல்வது, குளிரைப் பற்றி ரொம்பக் கவலைப்படாதீர்கள், சூட்டுக்குப் பயப்படுங்கள் என்பதுதான். சாட்ஸ்வொர்த்தின் மாடி வீடுகள் உங்களுக்குத் தெரியாததா? சீட் கூரைக்குக் கீழே இருக்கும் மேல் அறை பிப்ரவரி மத்தியானத்தில் எப்படிக் காயும்! மகனின் படுக்கையறை மேலே இருந்தால், டேங்க் அங்கே வேண்டாம். கீழ்த்தளத்தில், டைல்ஸ் தரை உள்ள அறையில், மேற்கு வெயில் விழாத சுவர் ஓரமாக வையுங்கள். ஜன்னல் ஓரம் எந்தத் திசையிலும் வேண்டாம். கண்ணாடிப் பெட்டிக்குள் வெயில் விழுந்தால் பத்து நிமிடத்தில் உள்ளே அடுப்புதான்.

கோடை மட்டுமல்ல, ஆகஸ்ட், செப்டம்பரிலும் கவனம் வேண்டும். குளிர்காலம் முடியவில்லை என்று நாம் அசந்திருக்கும்போதுதான் உள்நாட்டு மலைப்பக்கமிருந்து பெர்க் காற்று இறங்கும். காலையில் ஸ்வெட்டர் போட்டவர் மத்தியானம் 35 டிகிரியில் வியர்த்து நிற்பார். காற்றும் காய்ந்துபோய் இருக்கும். மறுநாளே மழையும் குளிரும் வரும். அந்த ஒரு நாளில் போய்விட்ட குட்டிகளைப் பற்றி நிறையக் கேள்விப்பட்டிருக்கிறேன். அப்படிப்பட்ட நாளில் கூல்டிரிங்க் பாட்டிலில் தண்ணீர் ஊற்றி ஃப்ரீசரில் உறையவைத்து, ஒரு துண்டில் சுற்றி, டேங்கின் வலை மூடி மேல் ஒரு ஓரமாக வையுங்கள். குளிர்ந்த காற்று கீழே இறங்கும். பெட்டி முழுவதையும் குளிர வைக்க வேண்டாம், ஒரு பக்கம் மட்டும் போதும், எங்கே இருப்பது என்பதை அதுவே பார்த்துக்கொள்ளும். ஃபேனை அறைக்குப் போடுங்கள், பெட்டிக்கு நேராகத் திருப்பாதீர்கள். பெட்டிக்குள் ஒரு டிஜிட்டல் தெர்மோமீட்டர் வையுங்கள், ஈரப்பதமும் காட்டுவது கிடைத்தால் இன்னும் நல்லது. கடைக்காரர் கட்டிக் கொடுத்த சாமான்களில் இது ஒன்றுதான் இல்லை, ஆனால் இதுதான் அவசியம்.

சரி, வீடு. 45-45-60 டேங்க் வளர்ந்த கெக்கோவுக்கு நல்ல அளவுதான், வீண் செலவு என்று நினைக்காதீர்கள். இப்போதைக்கு மட்டும் அதைத் துடைத்து ஓரமாக வையுங்கள். 3 கிராம் குட்டியை அதில் விட்டால் சாப்பாட்டுக் கிண்ணத்தைத் தேடிக் கண்டுபிடிக்கவே இரவு போதாது. நீங்களும் அதைத் தேடிக் கண்டுபிடிக்க முடியாது, சாப்பிட்டதா, மலம் கழித்ததா, தோல் உரித்ததா என்று எதுவும் தெரியாது. 30 சென்டிமீட்டர் நீள, அகல, உயரம் போதும். கண்ணாடிப் பெட்டிதான் வேண்டும் என்றில்லை. வீட்டுச் சாமான் கடையில் விற்கும் மூடி போட்ட பிளாஸ்டிக் பெட்டியே போதும். இரண்டு பக்கச் சுவரிலும், ஒன்றில் கீழாகவும் எதிரில் மேலாகவும், சூடாக்கிய கம்பியால் 3 மில்லிமீட்டர் ஓட்டைகள் வரிசையாகப் போடுங்கள். அப்போதுதான் காற்று உள்ளே வந்து வெளியே போகும். ஓட்டை அதற்குமேல் பெரிதாக வேண்டாம், தலை நுழைந்தால் உடம்பும் நுழைந்துவிடும். எடை 12, 15 கிராம் ஆன பிறகு பெரிய டேங்குக்கு மாற்றலாம்.

தரையில் கால்சியம் மணல் வேண்டாம். பையில் "செரிக்கும்" என்று எழுதியிருந்தாலும் வேண்டாம். குட்டி பூச்சியைக் கொத்தும்போது மணலும் வாய்க்குள் போகும், ஈரமான மணல் குடலில் கட்டியாகிவிடும். கிச்சன் டவல் காகிதம் இரண்டு மடிப்பு விரித்தால் போதும். அழகாக இருக்காது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அதன்மேல் விழும் ஒவ்வொரு எச்சமும் தெரியும், அழுக்கானால் உருவி எறிந்துவிட்டுப் புதிதாகப் போடலாம். தேங்காய்நார்த் தூள், மண், செடி நட்ட அழகான டேங்க் எல்லாம் பெரிதான பிறகு.

அழகை விடுங்கள், உள்ளே நெருக்கம் வேண்டும். வெட்டவெளியில் ஒரு குச்சி மட்டும் நட்டு வைத்தால் குட்டிக்கு எந்நேரமும் பயமாகவே இருக்கும். கட்டைவிரல் பருமனுள்ள மூங்கில் துண்டுகளைச் சாய்வாகவும் குறுக்காகவும் வையுங்கள், கார்க் மரப்பட்டை ஒன்று, பிளாஸ்டிக் இலைக்கொடி இரண்டு மூன்று. எந்தப் பக்கம் பார்த்தாலும் இலைக்குப் பின்னால் ஒளிய இடம் இருக்க வேண்டும். நிஜச் செடி வேண்டுமென்றால் மணி பிளான்ட் நல்லது. நம் ஊர் மண்ணிலேயே விளையும் 'ஹென் அண்ட் சிக்கன்ஸ்' (ஸ்பைடர் பிளான்ட்) செடியும் நல்லது, எந்த வீட்டு வராந்தாவிலும் ஒரு தொட்டி இருக்கும், கேட்டால் ஒரு குட்டியைப் பிய்த்துக் கொடுத்துவிடுவார்கள். நர்சரியில் வாங்கியதானால் பூச்சிமருந்து அடித்திருப்பார்கள். இலையைக் கழுவி, பழைய மண்ணை உதறி, வேறு மண்ணில் சில வாரம் வைத்திருந்துவிட்டு அப்புறம் உள்ளே வையுங்கள்.

குட்டி தலைகீழாகக் கண்ணாடிச் சுவரில் ஒட்டிக்கொண்டே தூங்கிப் பழகினால் வால் முதுகுப் பக்கமாக மடிந்து தொங்கும். நாளாவட்டத்தில் இடுப்பெலும்பே திருகிக்கொள்ளும் என்பார்கள். சாய்வான இடமும் இலைகளும் நிறைய இருந்தால் சுவரில் தூங்குவது குறையும்.

இப்போது சாப்பாடு. நாலு நாள் சாப்பிடவில்லை என்பதற்காகப் பதற வேண்டாம். இடம் மாறிய குட்டி ஒரு வாரம்வரை சரியாகச் சாப்பிடாமல் இருப்பது சகஜம். அதுவுமில்லாமல், 3 கிராம் உடம்பு நக்கும் அளவு கிண்ணத்தில் தெரியவே தெரியாது. அதனால் கிண்ணத்தைப் பார்க்காதீர்கள், காகிதத்தைப் பாருங்கள். காலையில் டவலை எடுத்து வெளிச்சத்தில் பாருங்கள். அரிசி முனை அளவில் ஒரு பழுப்புப் பொட்டு, அதன் ஓரத்தில் வெள்ளையாக ஒரு சிறு கட்டி. அப்படி இருந்தால் சாப்பிட்டிருக்கிறது. வாரம் ஒருமுறை சமையலறைத் தராசில், பத்தில் ஒரு கிராம் காட்டும் தராசாக இருந்தால் நல்லது, ஒரு சின்ன டப்பாவில் விட்டு நிறுத்து மகனை ஒரு நோட்டில் எழுதச் சொல்லுங்கள். கூடிக்கொண்டே போனால் கவலையில்லை. அதே எடையில் சில வாரம் நின்றாலும் பொறுக்கலாம். இரண்டு, மூன்று வாரம் தொடர்ந்து குறைந்தால்தான் டாக்டர்.

பவுடர் உணவு என்று கடையில் கொடுத்தது, கிரெஸ்டட் கெக்கோவுக்கு என்றே செய்த முழு உணவாக இருக்கிறதா என்று பாருங்கள். ரெபாஷி, பாங்கியா மாதிரிப் பெயர்கள் இங்கேயும் கிடைக்கும். பழம், புரதம், கால்சியம், வைட்டமின் எல்லாம் அதிலேயே இருக்கும். ஒரு பங்கு பவுடருக்கு இரண்டு பங்கு தண்ணீர், தக்காளி சாஸ் பதம் வரவேண்டும். சில நிமிடம் ஊறவிட்டால் கெட்டியாகும். கூல்டிரிங்க் பாட்டில் மூடி ஒன்றில் ஊற்றி வையுங்கள், அதில் கால்வாசி போதும். தரையில் வைக்காமல், பாதி உயரத்தில் ஏதாவது ஒரு தட்டு மாதிரி ஒட்டி அதன்மேல் வைத்தால் குட்டி சீக்கிரம் கண்டுகொள்ளும். சாயங்காலம் வைத்து, மறுநாள் சாயங்காலம் எடுத்துவிடுங்கள். நம் ஊர்ப் புழுக்கத்தில் அதற்குமேல் வைத்தால் புளித்துவிடும்.

பழக்கூழ் வாசனைக்கு முதலில் வருவது கெக்கோ இல்லை, எறும்பு. இதை யாரும் முன்கூட்டிச் சொல்வதில்லை. சிறு எறும்புக் கூட்டமே தூங்கும் குட்டியைக் கடித்துப் பாடாய்ப்படுத்திவிடும். பழைய வீடுகளில் சாப்பாட்டு அலமாரிக் கால்களைத் தண்ணீர்க் கிண்ணங்களில் நிறுத்தி வைத்திருப்பார்களே, அதே வேலையைச் செய்யுங்கள். பெட்டியை ஒரு சின்ன மேசைமேல் வைத்து, மேசைக் கால்களுக்குத் தண்ணீர்க் கிண்ணம். மேசை சுவரைத் தொடக்கூடாது. எறும்புப் பவுடர், எறும்பு ஸ்பிரே எதுவும் அந்த அறைக்குள் வேண்டாம்.

பவுடர் மட்டுமே கொடுத்தாலும் வளரும். வாரம் ஒன்று இரண்டு முறை சிறு பூச்சி கொடுத்தால் வளர்ச்சி வேகமாக இருக்கும், வேட்டையாடுவதில் அதற்கும் ஒரு சந்தோஷம். சிள்வண்டுக் குஞ்சு, சிறு கரப்பான் குஞ்சு, இவை ஊர்வன விற்கும் கடைகளில் கிடைக்கும். பூச்சியின் நீளம் குட்டியின் இரண்டு கண்ணுக்கும் நடுவில் உள்ள தூரத்துக்கு மேல் இருக்கக்கூடாது. கால்சியம் பவுடரில் புரட்டிக் கொடுங்கள். மிஞ்சிய சிள்வண்டைக் காலையில் பொறுக்கி எடுத்துவிடுங்கள், பசித்தால் அது தூங்கும் குட்டியைக் கடிக்கும். வசந்த காலத்தில் பள்ளிப் பிள்ளைகள் ஷூ பெட்டியில் மல்பெரி இலை போட்டுப் பட்டுப்புழு வளர்ப்பார்களே, அதில் அப்போதுதான் பொரித்த சிறு புழுக்கள் மெத்தென்று இருக்கும், சத்தும் உண்டு. மகனுக்கு அதைக் கொடுக்க மனசு வருமா என்பது வேறு கேள்வி. தோட்டத்தில் பிடித்த பூச்சி வேண்டாம், அடுத்த வீட்டுக்காரர் எந்த மருந்து அடித்தாரோ தெரியாது.

உங்கள் வீட்டில் புரட்டாசி விரதம் இருப்பீர்கள். அந்த மாதம் வீட்டுக்குள் உயிருள்ள பூச்சி கொடுக்க ஆயா சம்மதிக்க மாட்டார். பரவாயில்லை, அந்த மாதம் முழுக்கப் பவுடர் மட்டும் கொடுங்கள், கெக்கோவுக்கு ஒரு குறையும் வராது. சில பவுடரில் பூச்சித்தூளும் சேர்த்திருப்பார்கள். அதுவும் கூடாது என்றால் லேபிளைப் படித்து, பூச்சி சேராததை வாங்குங்கள்.

வீட்டு மாம்பழத்தை மசித்து ஒரு நக்கல் கொடுக்கலாம், எப்போதாவது. வாழைப்பழமும் தேனும் பிசைந்து கொடுப்பதையே சாப்பாடாக வைத்துக்கொள்ளாதீர்கள். இனிப்புக்குப் பழகிய குட்டி அப்புறம் பவுடரைத் தொடாது. வாழைப்பழத்திலும் தேனிலும் போதிய கால்சியம் கிடையாது. கால்சியம் குறைந்தால் எலும்பு ரப்பராகிவிடும். கீழ்த்தாடை தொங்கும், வால் நெளிநெளியாகும், கிளையில் பிடி நழுவும். அந்த நிலைக்கு வந்தபின் மருந்து கொடுத்தாலும் வளைந்தது நிமிராது.

வெளிச்சத்தைப் பற்றிக் கேட்கவில்லை, ஆனாலும் சொல்லிவிடுகிறேன். பகல் இரவு வித்தியாசம் தெரிய அறை வெளிச்சமே போதும். முழு உணவுப் பவுடரில் டி3 வைட்டமின் இருப்பதால் புறஊதா விளக்கு இல்லாமலும் தலைமுறை தலைமுறையாக வளர்த்திருக்கிறார்கள். பெரிய டேங்குக்கு மாறும்போது நிழல்வாழ் பிராணிகளுக்கான மெல்லிய புறஊதாக் குழல் ஒன்று போட்டால் நல்லது என்பது என் கருத்து. அதுவும் சூடு தராத வகையாக. ஜன்னல் வழியே வரும் வெயில் அந்த வேலையைச் செய்யாது, கண்ணாடி அதைத் தடுத்துவிடும். இரவில் சிவப்பு, நீலம் எந்த விளக்கும் வேண்டாம். இருட்டினால்தான் அது வெளியே வரும்.

தண்ணீர். சாயங்காலம் ஒருமுறை கைஸ்பிரேயால் இலையிலும் சுவரிலும் பொடித் துளியாக அடியுங்கள். கிண்ணத்தில் தண்ணீர் இருந்தாலும் குட்டி இலையில் தொங்கும் துளியைத்தான் நக்கிக் குடிக்கும். அடித்தவுடன் ஈரப்பதம் 80-க்குப் போகட்டும், மறுநாள் மத்தியானத்துக்குள் 50, 60-க்கு இறங்கிக் காய வேண்டும். டர்பனில் பிரச்சினையே காய்வதுதான். கோடையில் துணியே காயாத ஊர். அந்த மாதங்களில் ஸ்பிரேயைக் குறைத்து, காற்றோட்டத்தைக் கூட்டுங்கள். டவல் காலையிலும் சொதசொதவென்று இருந்தால் பூஞ்சைதான் வளரும், குட்டிக்கு மூச்சுக்கோளாறும் வரும்.

குட்டி சில வாரத்துக்கு ஒருமுறை தோல் உரிக்கும். முதல் நாள் நிறம் வெளுத்துச் சாம்பல் பூசியது போலிருக்கும், மறுநாள் காலை பளிச்சென்று இருக்கும். உரித்த தோலைத் தானே தின்றுவிடும், அதனால் நீங்கள் பார்க்கவே மாட்டீர்கள். பார்க்க வேண்டியது விரல்களை. ஒரு பூதக்கண்ணாடி எடுத்து, கண்ணாடிச் சுவரில் ஒட்டியிருக்கும்போது வெளிப்பக்கமிருந்து பாதங்களைப் பாருங்கள். விரல் நுனியில் வெள்ளை நூல் சுற்றியது மாதிரித் தெரிந்தால் தோல் மிச்சம் இருக்கிறது. விட்டால் அது இறுகி ரத்த ஓட்டத்தைத் தடுக்கும், நுனி கருத்து விழுந்துவிடும். வால் நுனியிலும் இப்படி நிற்கும். ஓட்டை போட்ட சின்ன டப்பாவில் வெதுவெதுப்பான ஈர டவல் விரித்து, குட்டியை ஒரு கால்மணி நேரம் விடுங்கள். அப்புறம் ஈரப் பஞ்சுக்குச்சியால் உருட்டினாற்போல் தள்ளினால் வந்துவிடும். வரவில்லையா, மறுநாள் பாருங்கள். இடுக்கியால் இழுக்காதீர்கள்.

இந்த இரண்டு வாரம் மகன் கையில் எடுக்கக்கூடாது. கஷ்டம்தான், பிறந்தநாள் பரிசாயிற்றே. நிறுப்பதற்கு மட்டும் டப்பாவைக் காட்டினால் அதுவே ஏறும். பிறகு தினம் ஐந்து நிமிடம், தரையில் உட்கார்ந்து, ஒரு கையிலிருந்து மறு கைக்கு நடக்கவிட்டுப் பழக்கலாம். தாவும், எந்தத் திசையில் என்று அதற்கே தெரியாது. மேலிருந்து கை கொண்டுபோய்ப் பிடித்தால் பறவை கொத்த வந்ததாக நினைத்து வாலை விட்டுவிடும். நம் சுவர்ப் பல்லிக்கு வால் மறுபடி முளைப்பதை மகன் பார்த்திருப்பான். இதற்கு முளைக்காது. விழுந்த வால் சில நிமிடம் துள்ளும், ரத்தம் அதிகம் வராது, காயம் தானே மூடிக்கொள்ளும். காட்டில் இருக்கும் பெரிய கெக்கோக்களில் பெரும்பாலானவற்றுக்கு வாலே இல்லை, வாலில்லாமலும் நன்றாக வாழ்கின்றன. ஆனால் இதன் வால் நுனியிலும் பாதத்தில் இருப்பது மாதிரி ஒட்டும் மெத்தை இருக்கிறது, அது ஐந்தாவது கால் மாதிரி. இழக்காமல் இருந்தால் நல்லதுதானே. தொட்ட பிறகு சோப்புப் போட்டுக் கை கழுவ வேண்டும், ஊர்வனவற்றில் சால்மொனெல்லா என்ற வயிற்றுநோய்க் கிருமி இருக்கலாம். கிண்ணத்தைச் சமையலறைத் தொட்டியில் கழுவாதீர்கள்.

ஆயாவிடம் சொல்லுங்கள், இது உச்சுக் கொட்டாது, பலன் பார்க்க வேண்டிய அவசியமில்லை. தொந்தரவு செய்தால் கீச்சென்று ஒரு சத்தம் போடும், அவ்வளவுதான். இமை இல்லாததால் நாக்கை நீட்டித் தன் கண்ணைத் தானே நக்கித் துடைத்துக்கொள்ளும். அதை ஒருநாள் ராத்திரி ஆயாவுக்குக் காட்டிப் பாருங்கள், பாதி வெறுப்பு அப்போதே போய்விடும். அவரிடம் ஒரு உதவியும் கேட்க வேண்டும். வெள்ளிக்கிழமை சாம்பிராணி போடும்போது அந்த அறைக் கதவு மூடியிருக்கட்டும். புகை, கொசுவத்தி, பூச்சி ஸ்பிரே மூன்றும் இந்தச் சின்ன நுரையீரலுக்கு ஆகாது. பூஜை மாடம் இருக்கும் அறையிலேயே பெட்டி இருந்தால் வேறு அறைக்கு மாற்றிவிடுங்கள், சாம்பிராணியை நிறுத்தச் சொல்லிச் சண்டை போட வேண்டாம்.

தப்பித்து ஓடிவிட்டால், விளக்கையெல்லாம் அணைத்து, ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் டார்ச்சோடு திரைச்சீலைக்குப் பின்னாலும் அலமாரி மேலும் தேடுங்கள், கீழே தேடாதீர்கள். பூனை இருந்தால் முதலில் அதை வேறு அறையில் அடையுங்கள். வீட்டுச் சுவரில் திரியும் பல்லியைப் பிடித்துத் துணைக்கு விடும் யோசனை பிள்ளைகளுக்கு வரும், ஒட்டுண்ணி பரவும், விடாதீர்கள். காட்டிலிருந்து நம் நாட்டு ஓணான், பச்சோந்தி எதையும் பிடித்து வளர்க்க அனுமதி வேண்டும், நம் குவாசுலு-நட்டால் மாகாணத்தில் வனவிலங்குத் துறையான எசெம்வெலோ அலுவலகம்தான் அதைப் பார்க்கிறது. வெளிநாட்டு வகைகளுக்கு மாகாணத்துக்கு மாகாணம் விதி மாறுவதால் கெக்கோவைப் பற்றியும் அங்கேயே ஒரு வார்த்தை கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாங்கிய ரசீதைத் தொலைக்காதீர்கள். பிறகு வேண்டாம் என்று தோன்றினால் தோட்டத்தில் விட்டுவிடுவது மட்டும் கூடவே கூடாது. இது 15, 20 வருடம் வாழும். மகன் மெட்ரிக் முடித்துப் படிக்கப் போகும்போதும் இது இருக்கும், அப்போது யார் பார்ப்பார்கள் என்பதை இப்போதே வீட்டில் பேசிக்கொள்ளுங்கள். ஊர்வன பார்க்கும் டாக்டர் எங்கே இருக்கிறார் என்றும் இப்போதே விசாரித்து வையுங்கள். எல்லா நாய், பூனை டாக்டர்களும் இதைப் பார்ப்பதில்லை.

லெனேசியா தங்கைக்கு வேறு பதில் சொல்ல வேண்டும், அங்கே கணக்கே மாறுகிறது. ஜோஹன்னஸ்பர்க் குளிர்காலத்தில் ஹீட்டர் இல்லாத அறை விடிகாலையில் 12, 13 டிகிரிக்குப் போகும், காற்று எலும்புபோல் காய்ந்திருக்கும். அவர்களுக்குத்தான் சூடு தேவை. பல்பு இல்லை, வெளிச்சம் தராத செராமிக் ஹீட்டர். கண்டிப்பாகத் தெர்மோஸ்டாட்டோடு, 22-இல் நிறுத்தி வைத்து, கம்பிக்கூண்டுக்குள், குட்டி தொட முடியாதபடி இருக்க வேண்டும். ஈரத்துக்கு வலை மூடியில் பாதியைப் பிளாஸ்டிக் உறையால் மூடி, காலையும் மாலையும் ஸ்பிரே செய்ய வேண்டும். மின்சாரம் போய்விட்டால் பெட்டியைக் கம்பளியால் சுற்றி, காற்று ஓட்டையை மட்டும் விட்டு, வெந்நீர்ப் பாட்டிலைத் துணியில் சுற்றிப் பெட்டிக்கு வெளியே ஒட்டி வைத்தால் சில மணி நேர லோட்ஷெடிங்கைச் சமாளிக்கலாம். கெக்கோ குளிரில் மந்தமாகும், ஒரு ராத்திரிக் குளிரில் செத்துவிடாது.

ஜோடி வேண்டாம். கெக்கோவுக்குத் துணை தேவையில்லை, தனியாகவே நிம்மதியாக இருக்கும். இரண்டு குட்டியை ஒன்றாக விட்டால் ஒன்று கொழுக்கும், ஒன்று இளைக்கும், கடைசியில் இளைத்ததற்கு வாலும் இருக்காது. ஆணா பெண்ணா என்பது 3 கிராமில் உறுதியாகச் சொல்ல முடியாது, கடைக்காரர் அடித்துச் சொன்னாலும் நம்பாதீர்கள். இரண்டும் ஆணாக இருந்தால் வளர்ந்ததும் கடித்துக் குதறிக்கொள்ளும். ஆணும் பெண்ணுமாக இருந்தால் பெண் முட்டை போட்டுப் போட்டே கால்சியம் வற்றிப்போகும், பொரிக்கும் குட்டிகளுக்கும் தங்கை வீடு தேட வேண்டிவரும். இரண்டு பிள்ளைகளுக்கும் ஆளுக்கு ஒன்று வேண்டுமென்றால் இரண்டு பெட்டி, இரண்டு தெர்மோமீட்டர், இரண்டு கிண்ணம். இல்லையென்றால் ஒன்றை வாங்கிவிட்டு, சாயங்கால ஸ்பிரேயை ஒருவனும் காலை டவலை மற்றவனும் பார்த்துக்கொள்ளட்டும்.